‘யார் பார்க்கறீங்க?’ – எல்லாருந்தானுங்க!

இந்த வாரம் ஒரு குட்டி டெஸ்ட். பேனா வேண்டாம், பிட்டும் வேண்டாம். மனசுக்குள்ளயே ஆன்சர் பண்ணிக்குங்க.

கேள்வி 1: வீட்டுல நெட் நின்னா முதல்ல யார் பேரு ஏலத்துக்கு வரும்?

கேள்வி 2: டிவியில சக்கரம் சுத்த ஆரம்பிச்சா, அந்தச் சக்கரத்தை ஏதோ நாமளே செஞ்சு வெச்ச மாதிரி திட்டு வாங்கறது யாரு?

கேள்வி 3: ‘நெட்டுதான் இருக்குதே, கேபிளுக்கு வேற எதுக்குத் தண்டம்?’ங்கற பேச்சு உங்க வீட்டுக்கும் வந்துருச்சா?

மூணுக்கும் ‘ஆமாங்க, அதே கதைதான்’னா கையக் குடுங்க. நீங்க நம்ம கட்சி!

நமக்கு ஊரு கிணத்துக்கடவு. கோயமுத்தூர்ல இருந்து பொள்ளாச்சி ரோட்டுல வந்தா ஒரு குன்று மேல பொன்மலை வேலாயுதசாமி கோயில் தெரியும் பாருங்க, அதே ஊருதான். தக்காளி மார்க்கெட், தென்னந்தோப்பு, எந்நேரமும் காத்து. படிப்பு ஈ.சி.இ. மூணாம் வருஷம். எங்க தெருவுல ஈ.சி.இ.ன்னா ‘எல்லா வீட்டு டிவியையும் சம்பளம் கேக்காம பாத்துக் குடுக்கற புள்ள’ன்னு அர்த்தம்.

எங்க வீட்டுல அஞ்சு பேரு. அப்பா, அம்மா, அப்பத்தா, தம்பி, நான். கொஞ்ச நாளா ஒரு பட்டிமன்றம் ஓடிக்கிட்டு இருக்கு. தலைப்பு: ‘கேபிளை வெட்டலாமா, வேண்டாமா?’ வெட்டணும் அணிக்கு அப்பா தலைவர், தம்பி துணைத் தலைவர். அம்மா நடுவர். நான் டெக்னிக்கல் கமிட்டி. அப்பத்தாவைப் பேச யாரும் கூப்பிடலை. பட்டிமன்றம் நடக்கறதே அவங்களுக்குத் தெரியாது. இந்த வாரத்து மேட்டரே அதுதான் பாஸ். கொஞ்சம் சுத்தி வளைச்சு வர்றேன், பொறுத்துக்குங்க.

ராத்திரி ரெண்டு மணி சித்தப்பா

நெட்டைத் திட்டறதுக்கு முன்னாடி எங்க சித்தப்பா கதையைக் கேளுங்க. அவரு இன்ஜினியரிங் படிச்சது 2000-களோட நடுவுல. 2005 ஜனவரியில பி.எஸ்.என்.எல். ‘டேட்டாஒன்’ பிராட்பேண்டை ஆரம்பிச்சப்ப அடிப்படை ஸ்பீடு 256 கே.பி.பி.எஸ்! அதுக்கு முன்னாடி வருஷம், 2004-ல வந்த மத்திய அரசோட பிராட்பேண்ட் கொள்கையிலயே ‘256 கே.பி.பி.எஸ். இருந்தா அது பிராட்பேண்ட்’னு எழுதி வெச்சிருந்தாங்க. அந்த அளவுகோல் 2023 ஜனவரியிலதான் 2 எம்.பி.பி.எஸ்-ஸா ஏறுச்சு.

அந்தக் காலத்து ஒரு பிளான்ல ராத்திரி 2 மணியில இருந்து காலையில 8 மணி வரைக்கும் டேட்டாவுக்குக் கணக்கு கிடையாது. மத்த நேரம் எல்லாம் மீட்டர் ஓடும். சித்தப்பா அலாரம் வெச்சு ரெண்டு மணிக்கு எந்திரிப்பாரு. டவுன்லோடைப் போட்டு விட்டுட்டுத் திரும்பப் படுத்துக்குவாரு. ‘புள்ள விடிய விடிய படிக்குது’ன்னு பக்கத்து வீட்டுல பெருமை வேற!

ஒரு கணக்கு போடுவோமா? ஒரு சி.டி. 700 எம்.பி. 256 கே.பி.பி.எஸ்-ல அதை இறக்க ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல ஆகும். ரெண்டுல இருந்து எட்டு வரைக்கும் எத்தனை மணி நேரம்? அதே ஆறு! அதாவது ஒரு ராத்திரிக்கு ஒரு சி.டி., அதுவும் நடுவுல கரண்ட் போகாம இருந்தா. அது என்ன சி.டி.ன்னு கேட்டா, ‘லினக்ஸ்’னு இன்னைக்கு வரைக்கும் சத்தியம் பண்றாரு. நம்பிட்டோம் சித்தப்பா!

இன்னைக்கு அதே 700 எம்.பி., 100 எம்.பி.பி.எஸ். லைன்ல ஒரு நிமிஷத்துல வந்துரணும். நம்ம கண்ணுல தண்ணி வர்றதே அந்த ‘வந்துரணும்’லதான்.

சிவப்பு லைட் வாழ்க

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துருவோம். ‘நூறு போட்டிருக்குது, பன்னெண்டுதான் வருது, ஏமாத்தறாங்க’ன்னு ஹாஸ்டல்லயும் சரி, வீட்டுலயும் சரி, ஒரு புலம்பல் இருக்கும். பிளான்ல நூறுன்னு போடறது மெகா‘பிட்’. டவுன்லோடு ஆகறப்ப ஸ்க்ரீன்ல காட்டறது மெகா‘பைட்’. எட்டு பிட்டு சேர்ந்தா ஒரு பைட்டு. நூறை எட்டால வகுத்துப் பாருங்க, பன்னெண்டரை. ஏமாத்தலீங்க, கணக்குதான்!

அடுத்தது, ‘சாயங்காலம் ஆனா ஸ்லோ ஆயிருது’. அதுக்கும் காரணம் இருக்கு. வீட்டுக்கு வர்ற ஃபைபர் உங்களுக்கே உங்களுக்குன்னு ஆபீஸ்ல இருந்து வர்றதில்ல. தெருவுக்கு ஒரு இழை வந்து, அங்க இருக்கற ஸ்ப்ளிட்டர்ல பிரிஞ்சு வீடு வீடாப் போகுது. ஜி-பான்ங்கற வகையில ஒரு இழைக்கு மொத்தம் சுமார் 2.5 ஜி.பி.பி.எஸ்., அதை 32 வீடு, 64 வீடுன்னு பங்கு போட்டுக்கறாங்க. பங்காளிங்க எல்லாரும் ஒரே நேரத்துல வயலுக்குத் தண்ணி திருப்புனா கடைமடைக்கு எவ்வளவு வரும்? ராத்திரி எட்டு டூ பத்து நம்ம கதையும் அதேதான். போதாததுக்கு அந்தக் கம்பெனி மேல இருந்து வாங்கி வெச்சிருக்கற மொத்த நெட்டும் அளவுதான்.

மூணாவதுதான் எங்க ஊரு ஸ்பெஷல். பாலக்காட்டுக் கணவாய் வழியா ஆனியில ஆரம்பிக்கற காத்து ஆடியில பேயாட்டம் ஆடும். தென்னை மட்டை ஒண்ணு ‘தொப்’புனு விழுந்தா, அதுக்குக் கீழ போற தலைமுடி கனத்துக் கண்ணாடி இழையோட கதி என்ன? மோடம் பெட்டியில எல்.ஓ.எஸ்.னு ஒரு சிவப்பு லைட் கண்ணு சிமிட்டும். ‘லாஸ் ஆஃப் சிக்னல்’. எங்க வீட்டுல அதுக்கு ‘லாஸ் லைட்’டுனே பேரு வெச்சாச்சு. அது எரிஞ்சா ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பிரயோஜனமே இல்ல. வெளிச்சமே வந்து சேரலைங்கறப்ப பொட்டியைத் தட்டி என்ன பண்றது? கேபிள்கார அண்ணன் வரணும், ஏணி போடணும், அறுந்த இடத்தைத் தேடணும், மெஷின்ல வெச்சு ரெண்டு முனையையும் உருக்கி ஒட்டணும். அவரு ‘சித்தெ இருங்க, வந்துட்டே இருக்கேன்’னு சொல்ற அந்த ‘சித்தெ’ சில நாள் பொழுது சாயற வரைக்கும் நீளும். அவரைத் திட்ட மனசு வராது. ஏன்னா அந்த மட்டை எங்க வீட்டுல மட்டும் விழறதில்ல!

லாஸ் லைட் எரியலை, ஆனாலும் டிவியில சக்கரம் சுத்துதா? அப்ப வியாதி வீட்டுக்குள்ளதான் இருக்கு. முக்காவாசி வீட்டுல ரவுட்டர் குடியிருக்கற இடம் எது தெரியுங்களா? இரும்பு பீரோ மேல! இரும்புக்கும் ரேடியோ அலைக்கும் ஆகவே ஆகாது. அதுக்கப்புறம் ஒன்றரை அடிச் சுவரு ரெண்டு. அதைத் தாண்டி ஆசாரத்துல இருக்கற டிவிக்கு வர்றப்ப சிக்னல் பொள்ளாச்சிச் சந்தைக்குப் போயிட்டு வந்த மாதிரி அலுத்துப்போய் வரும்.

பார்படாஸ்ல அவுட்டு, பக்கத்து வீட்டுல கத்தலு

சரி, நெட் ஒழுங்கா ஓடுது, ஸ்பீடு சூப்பர்னே வெச்சுக்குவோம். அப்பவும் ஒரு அவமானம் பாக்கி இருக்கு.

2024 ஜூன் 29. டி20 உலகக்கோப்பை ஃபைனல். எங்க கேபிள் பேக்குல ஸ்போர்ட்ஸ் சேனல் கிடையாது, அதனால ஆப் வழியா டிவியில. பக்கத்து வீட்டுல கேபிள். ராத்திரி பதினோரு மணிக்கு மேல. தென்ஆப்பிரிக்காவுக்குக் கடைசி ஓவர்ல 16 ரன். மில்லர் பேட்டோட நிக்கறாரு. ஹர்திக் பாண்டியா பந்தைத் தேய்ச்சுக்கிட்டு இருக்காரு. தம்பி தலகாணியைக் கடிச்சுக்கிட்டு இருக்கான். அப்ப பக்கத்து வீட்டுல இருந்து, ‘அவுட்ட்டேய்ய்ய்!’

எங்க ஹர்திக் இன்னும் ஓடவே ஆரம்பிக்கலை!

அப்புறமா பந்து போய், பவுண்டரிக் கயித்துக்கிட்ட சூர்யகுமார் பிடிச்சு, மேல தூக்கிப் போட்டு, வெளியில போயி, உள்ள வந்து திரும்பப் பிடிச்சதை எல்லாம் நாங்க ஏதோ கல்யாண வீடியோ பாக்கற மாதிரி நிதானமாப் பாத்தோம். அப்பத்தா கேட்ட கேள்விதான் ஹைலைட். ‘ஏனம்மணி, நம்முளுது நேத்தைய மேட்சா?’

குசும்புல்லைங்க, நெசமாவே கேட்டாங்க. இதுக்கு ஆன்சர் சொல்றதுக்காகவே கொஞ்சம் பாடம் எடுக்கறேன், தூங்கிராதீங்க.

எங்க ஊரு மாரியம்மன் நோம்பிக்கு மைக்செட் கட்டுவாங்க. ஒருத்தரு பேசுனா ஊரே கேக்கும். பத்து பேரு கேட்டாலும் பத்தாயிரம் பேரு கேட்டாலும் மைக்செட்டுக்கு ஒரே செலவுதான். சேட்டிலைட் டிவி அந்த வகை. தலைக்கு மேல 35,786 கிலோமீட்டர்ல இருந்து ஒரே சிக்னல் விழுகுது, யார் டிஷ் வெச்சிருந்தாலும் பிடிச்சுக்கலாம். மேல போயி கீழ வர்றதுக்கு அந்தச் சிக்னலுக்கு ஆகறது கால் செகண்டுதான். வீடியோவைச் சுருக்கி அனுப்பற வேலைக்கு இன்னும் சில செகண்டு.

ஆப்ல பாக்கறது வேற வகை. அது மைக்செட் இல்ல, ஊர்ல ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாப் போன் போட்டு ‘பூச்சாட்டு ஆரம்பிச்சாச்சுங்க’ன்னு சொல்ற மாதிரி. மேட்ச்சைச் சின்னச் சின்னத் துண்டா நறுக்கறாங்க. ஆப்பிள் கம்பெனி கொண்டாந்த ‘எச்.எல்.எஸ்.’ முறையில ஒரு துண்டு ஆறு செகண்டு இருக்கலாம்ங்கறது அவங்க சிபாரிசு. நடுவுல சக்கரம் சுத்திரக் கூடாதுன்னு நம்ம ஆப் ரெண்டு மூணு துண்டைச் சேத்து வெச்சுக்கிட்டுத்தான் ஓட்டவே ஆரம்பிக்கும். மூவாறு பதினெட்டு செகண்டு அங்கயே காலி. அப்புறம் சுருக்கறது, அனுப்பறதுன்னு முப்பதைத் தொடறது சர்வசாதாரணம். பக்கத்து வீட்டுக்காரரு ஜோசியரு இல்லைங்க, கேபிள்காரரு!

இதுக்காக ஆப்பைக் கேவலமா நினைச்சுராதீங்க. 2023 நவம்பர் 19, ஒருநாள் உலகக்கோப்பை ஃபைனல் அன்னைக்கு ஹாட்ஸ்டார்ல ஒரே நேரத்துல 5.9 கோடிப் பேரு பாத்தாங்க. அதாவது 5.9 கோடிப் போன்கால், ஒரே நேரத்துல! இன்ஜினியரிங்கா பாத்தா அது மிரட்டலான வேலை. ஆனா மைக்செட்டு அதை அலட்டிக்காமப் பண்ணிட்டுப் போயிரும். ரெண்டும் வேற வேற ஜாதி மெஷின். ஒண்ணு வந்துட்டா இன்னொண்ணு எதுக்குன்னு கேக்கறவங்க இந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் மனசுல வெச்சுக்குங்க.

கேபிள் மட்டும் யோக்கியமா?

அப்ப கேபிளும் டிஷ்ஷும் உத்தமமான்னு கேட்டா... ஹலோ, நானும் இதே ஊர்லதான் இருக்கேன்!

மழை வந்தா வீட்டு மொட்டை மாடி டிஷ் முதல்ல கைவிரிச்சுரும். காரணம், டி.டி.எச். வர்றது ‘கு-பேண்ட்’ங்கற பன்னெண்டு கிகாஹெர்ட்ஸ் பக்கத்து அலையில. அலை நீளம் ரெண்டரை சென்டிமீட்டர்தான். மழைத்துளி அதை நல்லாவே குடிச்சுரும். கேபிள்கார அண்ணனோட பெரிய டிஷ் வாங்கறது ‘சி-பேண்ட்’, அலை அதைவிட மூணு மடங்கு நீளம். மழை அதை அவ்வளவாத் தொடாது. ஆனா அண்ணன் வீட்டுல கரண்ட் போச்சுன்னா ஊருக்கே போச்சு!

ஆகாசத்துலயும் அக்கப்போரு உண்டு. 2010 ஜூலை 7-ம் தேதி இன்சாட்-4பி சேட்டிலைட்டுல பவர் கோளாறு ஆகி பாதி டிரான்ஸ்பாண்டரை அணைச்சுட்டாங்க. சன் டைரக்ட் வேற சேட்டிலைட்டுக்கு மாற வேண்டியதாப் போச்சு. வீடு வீடா மொட்டை மாடி ஏறி டிஷ்ஷைத் திருப்பி வெச்சாங்க. 2022 நவம்பர்ல அரசு கேபிள் பாக்ஸ் பல லட்சம் வீட்டுல சாஃப்ட்வேர் பிரச்னையால ஒரேயடியா இருட்டாச்சு.

காசு விஷயத்துலயும் தலை சுத்தும். 2019 பிப்ரவரி 1-ல இருந்து டிராய் புது முறை கொண்டாந்தாங்க. ‘வேணுங்கற சேனலுக்கு மட்டும் காசு குடு’. கேக்க ஜோரா இருந்துச்சு. முதல் நூறு சேனலுக்கு லைன் வாடகை 130 ரூபா வரைக்கும், ஜி.எஸ்.டி. சேத்து 153 ரூபா 40 காசு. அதுக்கு மேல பே சேனலுக்குத் தனித்தனியாக் காசு. நூறுங்கறதை அப்புறம் 200 சேனல் ஆக்குனாங்க. 2024-ல அந்த 130 ரூபா உச்சவரம்பையும் எடுத்துட்டாங்க. இந்த மாத்தம் எல்லாத்துலயும் ஒரு விஷயம் பொதுவா இருந்துச்சு. வீட்டுல கேபிளை அதிகமாப் பாக்கறவங்ககிட்ட ‘உங்களுக்கு எது வேணும்?’னு யாரும் கேக்கவே இல்ல. பேக்கைத் தேர்ந்தெடுத்தது அப்பாவும் கேபிள்கார அண்ணனும்!

தெருவுக்கு ஒரு பொட்டி

அப்பத்தாவுக்கு டிவின்னா என்னன்னு புரியணும்னா கொஞ்சம் பின்னாடி போகணும். சென்னையில தூர்தர்ஷன் வந்தது 1975 ஆகஸ்ட் 15. எங்க தெருவுக்கு டிவி வர அதுக்கப்புறம் ரொம்ப வருஷம் ஆச்சு. வந்ததும் ஒரே ஒரு வீட்டுக்கு. 1987 ஜனவரியில இருந்து ஞாயித்துக்கிழமை காலையில ‘ராமாயண்’ ஓடுனப்ப, இந்தி ஒரு வார்த்தை புரியாம, அந்த வீட்டுத் திண்ணையில உக்காந்து பாத்ததை அப்பத்தா இப்பவும் சொல்லுவாங்க. வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’. பாட்டு முடிஞ்சதும் எந்திரிச்சு அவங்கவங்க வீட்டுக்கு. டிவி யாருதா இருந்தாலும், பாக்கறது எல்லாரும்.

1993 ஏப்ரல் 14-ல சன் டிவி வந்துச்சு, தமிழ்ல பேச ஆரம்பிச்சுச்சு. 2006 செப்டம்பர் 15-ல தி.மு.க. அரசு இலவச கலர் டிவி திட்டத்தை ஆரம்பிச்சுச்சு. 14 இன்ச். உங்க வீட்டுப் பரண் மேலயும் ஒண்ணு தூங்கிட்டு இருக்கலாம், ஏறிப் பாருங்க! அந்தத் திட்டத்தை எதிர்த்துப் போட்ட வழக்கு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி 2013-ல தீர்ப்பு வந்துச்சு. 2011 செப்டம்பர்ல அ.தி.மு.க. அரசு, அரசு கேபிளைத் தூசு தட்டி மாசம் 70 ரூபாய்க்குக் குடுத்துச்சு. அரசியலைப் பெரியவங்க பேசிக்கட்டும். நமக்கு வேண்டியது ஒண்ணுதான். ரெண்டு ஆட்சியுமே டிவியை ஒரு வீட்டுக்கு ஒண்ணுன்னுதான் கணக்குப் போட்டாங்க. ஆளுக்கு ஒண்ணுன்னு போடலை.

ஆளுக்கு ஒண்ணுங்கறது நம்ம காலத்துக் கணக்கு. அதுல பேரு விட்டுப்போனவங்க யாருன்னு பாக்கணும்.

‘யார் பார்க்கறீங்க?’

போன வருஷம் பழைய டிவி உயிரை விட்டதும் ஸ்மார்ட் டிவி வாங்குனோம். ஆப்பைத் திறந்தோம். திரையில வரிசையா வட்டம் வட்டமாப் படம். அப்பா ஒண்ணு, தம்பி ஒண்ணு, நான் ஒண்ணு, ‘கிட்ஸ்’னு கூடவே வந்தது ஒண்ணு. மேல இங்கிலீஷ்ல ஒரு கேள்வி.

‘என்ற சாமி, அந்தப் பொட்டி என்ன கேக்குது?’ன்னாங்க அப்பத்தா.

‘யார் பாக்கறீங்கன்னு கேக்குது அப்பத்தா.’

‘எல்லாருந்தான்னு சொல்லு!’

அதுக்கு அங்க பட்டன் இல்லைங்க.

அப்பத்தாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, தமிழும் எழுத்துக்கூட்டித்தான். ஆனா கேபிள் ரிமோட்டுல அவங்க கில்லாடி. மூணு சேனலோட நம்பர் மனப்பாடம். கண்ணாடி போடாமயே அமுத்துவாங்க. ஒரு சீரியலோட டைட்டில் பாட்டு கேட்டா உலை வைக்கோணும், அடுத்ததோட பாட்டு கேட்டா சோத்தை வடிக்கோணும். அவங்களுக்கு அது கடிகாரம். அவங்க தங்கச்சி பொள்ளாச்சியில இருக்காங்க. அதே சீரியலை அதே நிமிஷம் அவங்களும் பாப்பாங்க. முடிஞ்சதும் ரெண்டு பேருக்கும் போன். ‘பாத்தயா அவ பண்ணுன வேலையை!’ பத்து நிமிஷம் அந்த மாமியாரைத் திட்டிட்டு, அடுத்த பத்து நிமிஷம் சொந்தக்கதை. மைக்செட்டோட மகிமை அதுதான். ஊரே ஒரே நேரத்துல ஒண்ணைக் கேட்டா, கேட்டதைப் பத்திப் பேச ஆளு இருக்கும்.

‘அதே சீரியல் ஆப்லயும் வருதே, எப்ப வேணா பாத்துக்கலாமே’ங்கறது தம்பியோட வாதம். உண்மைதான். ஆனா ‘எப்ப வேணா’ங்கறது தேடத் தெரிஞ்சவங்களுக்கு வரம். தேடத் தெரியாதவங்களுக்கு ‘புள்ளைங்க யாராச்சும் வந்து போட்டு விட்டா’ன்னு அர்த்தம். நெட் நமக்குக் குடுத்தது சுதந்திரம். அதே நெட் மட்டும் இருந்தா அப்பத்தா ஒவ்வொரு நாளும் யாரையாச்சும் கெஞ்சணும். எழுவது வருஷமா யார்கிட்டயும் எதையும் கேக்காம வாழ்ந்த மனுஷி, ஒரு சீரியலுக்காக ‘அம்மணி, சும்மா இருக்கறயா?’ன்னு கதவோரம் வந்து நிக்கறதை நினைச்சுப் பாருங்க.

டெக்னிக்கல் கமிட்டிங்கற முறையில நான் ஒரு வேலை பண்ணேன். ஆசாரத்துல ஒரு காலண்டர் தாளோட பின்பக்கத்தைத் தொங்க விட்டேன். ஒரு வாரம், டிவி ஓடறப்ப எது ஓடுது, கேபிளா ஆப்பான்னு ஒரு டிக். முன்னாடி எத்தனை பேரு உக்காந்திருக்கோம்னு ஒரு நம்பர். ஞாயித்துக்கிழமை கூட்டிப் பாத்தோம். ஆப் ஓடுன நேரத்துல பெரும்பாலும் ‘ஒண்ணு’. கேபிள் ஓடுன நேரத்துல ‘மூணு’, ‘நாலு’. சீரியல் புடிக்கும்னு யாரும் ஒத்துக்க மாட்டோம்! தம்பி முருங்கைக்கீரை உருவிக் குடுக்க வந்தவன், அப்பா வெறும் காபி குடிக்க வந்தவரு, நான் சும்மா அந்த வழியாப் போனவ. ஆனா உக்காந்திருக்கோம். ஆப்ல ஒரே ஒரு நாள்தான் ‘அஞ்சு’ விழுந்துச்சு. அன்னைக்கு மேட்ச்.

அந்தத் தாளைப் பாத்துட்டு அப்பா ஒண்ணும் பேசலை. கேபிள் இன்னும் இருக்கு. பேக்கை மட்டும் இளைக்க வெச்சோம். அப்பத்தாவைப் பக்கத்துல உக்கார வெச்சு, ஒவ்வொரு சேனலாப் போட்டு ‘இது வேணுங்களா?’ன்னு கேட்டோம். பாதிக்கு மேல ‘அது எதுக்கு, தண்டம்’னுட்டாங்க. பில்லு குறைஞ்சது எங்களால இல்ல, அவங்களால!

வெட்டறதுக்கு முன்னாடி

உங்க வீட்டுல என்ன முடிவு எடுக்கறதுங்கறது உங்க இஷ்டம். சில வீட்டுல கேபிள் நெசமாவே தண்டமா இருக்கலாம். ஆனா கத்தரியை எடுக்கறதுக்கு முன்னாடி இதை எல்லாம் பண்ணிருங்க பாஸ்:

1. வீட்டுல ஸ்மார்ட்போன் இல்லாதவங்க, இருந்தும் தேடத் தெரியாதவங்க யாருன்னு ஒரு பேரு விடாம எழுதுங்க. அவங்களுக்கு ஓட்டு குடுங்க. முதல் ஓட்டே அவங்களுது.

2. ஒரு வாரம் காலண்டர் தாள் வைங்க. எத்தனை மணி நேரம்னு மட்டும் எழுதாதீங்க, எத்தனை பேருன்னும் எழுதுங்க.

3. கேபிள் பில்லுல லைன் வாடகை எவ்வளவு, சேனல் காசு எவ்வளவுன்னு பிரிச்சுக் கேளுங்க. கும்பலா இருக்கற பேக்கை விட்டுட்டுத் தேவையான சேனலை மட்டும் தனியாப் போட்டா எவ்வளவுன்னு கூட்டிப் பாருங்க. சில சமயம் பேக்கே மலிவா வரும், அதனால ரெண்டையும் கூட்டுங்க.

4. மாசக் காசே குடுக்க முடியாத வீடுன்னா, டி.டி. ஃப்ரீ டிஷ் இருக்கு. டிஷ்ஷும் பாக்ஸும் ஒரு தடவை வாங்கறதோட சரி. டி.டி. தமிழ் அதுல வரும். ஆனா பெரிய பே சேனல் சீரியலை அதுல எதிர்பாக்காதீங்க, அப்பத்தாகிட்ட முன்னாடியே சொல்லிருங்க.

5. ரவுட்டரை பீரோ மேல இருந்து இறக்குங்க! திறந்த இடத்துல, வீட்டு நடுவுல வைங்க. டிவிக்கு முடிஞ்சா லேன் வயரே போட்டுருங்க. வயரு போட முடியாதா? டிவி பக்கத்துலயே ரவுட்டர் இருந்தா 5 கிகாஹெர்ட்ஸ், சுவரு தாண்டிப் போகணும்னா 2.4. சுவத்தைத் தாண்டறதுல 2.4 கெட்டி.

6. ரவுட்டருக்கும் மோடத்துக்கும் ஒரு மினி யு.பி.எஸ். வாங்கி வைங்க. ரெண்டுக்கும் எத்தனை வோல்ட்டுன்னு அடாப்டர்லயே போட்டிருக்கும், பாத்து வாங்குங்க. கரண்ட் போனாலும் அசைன்மென்ட் அப்லோடு நிக்காது.

7. இல்ல, வெட்டியே தீருவோம்னா, வெட்டுன கையோட பத்து நாள் அவங்க பக்கத்துல உக்காருங்க. தமிழ்ல பேசுனாத் தேடற ரிமோட் இப்ப வருது. ‘பேசிப் பாருங்க’ன்னு சொல்லிட்டு ஓடிராதீங்க, அவங்க சொல்றது அதுக்குப் புரியுதான்னு பாருங்க. எங்க ஊரு ‘உன்ற, என்ற’ எல்லாம் அதுக்குப் புரிஞ்சா எனக்கும் ஒரு லெட்டர் போடுங்க!

நாலு வருஷம் சிக்னல், நாய்ஸ், பேண்ட்வித்னு படிச்சு டிகிரி வாங்கறோம். வீட்டுக்குள்ள ஒருத்தருக்கு சிக்னல் வரலைங்கறதைக் கண்டுபுடிக்க அந்த டிகிரி எல்லாம் தேவையில்லை. போயி பக்கத்துல உக்காந்து, ‘உங்களுக்கு என்ன பாக்கோணும்?’னு ஒரு வார்த்தை கேட்டாப் போதும்.

கேட்டுட்டு என்ன சொன்னாங்கன்னு எனக்கு எழுதுங்க. உங்க அப்பத்தா, அம்மிச்சி, அப்பாரு, அப்புச்சி வெச்சிருக்கற மனப்பாட சேனல் நம்பர் லிஸ்ட்டையும் அனுப்புங்க. நல்ல லொள்ளா இருக்கறதை அடுத்த வாரம் இதே பக்கத்துல போடறேன்.

வரட்டுங்களா!